நேரலையில் தங்கை

திரையில் தங்கை எழுந்து நின்றாள்.

அவனும் நாற்காலியை விட்டு எழுந்தான்.

திருநெல்வேலியில், அவனுடைய செய்திச் சேனலின் கட்டுப்பாட்டு அறை. டில்லியிலிருந்து மக்களவை நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்குக் கேபிள் இணைப்பு கொடுப்பவர் செய்திச் சேனலும் நடத்தக் கூடாது. அதுதான் மசோதா. நிறைவேறினால், இரண்டில் ஒன்றை அவன் விற்றாக வேண்டும்.

தங்கை தமயந்தி திருநெல்வேலித் தொகுதியின் எம்.பி. அவள் ஜெயித்த தேர்தலில் அவளை வீடுவீடாகக் கொண்டுபோனது இந்தச் சேனல்தான். மசோதாவை எதிர்த்துப் பேசுவாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அவனும்தான்.

தமயந்தி பேசத் தொடங்கினாள்.

"போன மாசம் எங்க ஊர்ல ஒரு சின்ன சேனல், குடிதண்ணியில சாக்கடை கலக்குதுன்னு செய்தி போட்டது. அன்னைக்குச் சாயங்காலமே கேபிள்ல அந்த சேனல் வரல. ஜனங்க அந்தத் தண்ணியையே குடிச்சாங்க."

குழாய் பதித்த ஒப்பந்தக்காரர் அவனுக்கு வேண்டியவர். அன்று தன் கேபிள் என்ஜினியரிடம் போனில் ஒரு வார்த்தை சொன்னான். அத்துடன் மறந்தும் போனான்.

தண்ணீரைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை.

செய்தி ஆசிரியர் ஹெலன் திரும்பிப் பார்த்தாள். விளம்பரத்துக்குப் போய்விடலாமா என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதை நிறுத்தினது என் அண்ணன். கெட்டவர் இல்ல. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வச்சவர். ஆனா ஒரு ஊர் எதைப் பார்க்கணும், எதைப் பார்க்கக் கூடாதுன்னு முடிவு பண்ற சுவிட்ச், நல்லவர் ஒருத்தர் கையிலகூட இருக்கக் கூடாது."

அவையில் கூச்சல். அவளுடைய கட்சிக்காரர்களே சிலர் உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார்கள்.

அவள் உட்காரவில்லை.

அவனுக்குக் காதெல்லாம் சுட்டது. அறையில் இருந்த யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனை வீடுகளில் இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? கோபம்தான் முதலில் வந்தது. என்னிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

சொல்லியிருந்தால், கேட்டிருப்பேனா?

திரையில் அவள் கை தெரிந்தது. முன்னால் இருந்த மேசையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

ஹெலன் மறுபடி கேட்டாள்.

"ஓடட்டும்," என்றான்.

கடைசி வார்த்தை வரை ஓடியது.

அவன் வராந்தாவுக்கு வந்தான். அதே கேபிள் என்ஜினியரைக் கூப்பிட்டான். இந்தத் தடவையும் நீண்ட பேச்சில்லை: "அந்தச் சின்ன சேனலைத் திரும்ப விடுங்க."

போனைச் சட்டைப் பையில் போடுவதற்குள் அது அடித்தது.

"அண்ணே." தமயந்திதான். "நான் பேசினதை உனக்கு அனுப்புறேன். உன் சேனல்ல அதைக் காட்டியிருக்க மாட்ட. அடுத்தவங்க சொல்லி நீ கேட்க வேண்டாம்."

"அனுப்ப வேண்டாம்மா. ஊரே பார்த்திருச்சு."

கீழே தெருவில் பேருந்து ஒன்று ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அது போகும்வரை காத்திருந்தான்.

"நாளைக்கு ஓட்டெடுப்பு எத்தனை மணிக்கு?"

"மதியம் ரெண்டு மணிக்கு. ஏன் கேட்குற?"

"நம்ம சேனல்ல நேரலைன்னு காலையிலேருந்தே அறிவிப்பு போடணும்ல."