கஞ்சியில் ஒரு முடி

"வா இங்கே. இது என்னன்னு பார்."

அக்கா ஸ்பூனை உயர்த்திப் பிடித்திருந்தாள். அதன் நுனியில் நீளமாக ஒரு முடி தொங்கியது. கஞ்சி சொட்டியது.

தம்பி மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். பார்த்ததும் முகம் வெளுத்தது.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. தலையில துணி கட்டிக்கிட்டுத்தான் சமைச்சேன். வேற காய்ச்சித் தரேன்."

"வேண்டாம். இது மூணாவது தடவை. ஒரு சின்னக் கிருமி போதும், என் கதை முடிஞ்சிடும்னு டாக்டர் சொன்னது உன் காதிலயும்தானே விழுந்தது?"

அக்காவுக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. வயிறு ஊதி, கைகால் குச்சியாகிவிட்டன. யாராவது தன் ஈரலில் பாதியைக் கொடுத்தால் பிழைக்கலாம். தம்பி ஓடிப்போய்ச் சோதித்துப் பார்த்தான். ரத்த வகை சேரவில்லை. மற்ற சொந்தமெல்லாம் போனை எடுப்பதையே விட்டுவிட்டது. ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் தம்பி வீட்டில் கட்டில் போட்டுப் படுத்து, யாரோ ஒருவருக்காகக் காத்திருந்தாள்.

அந்தக் கட்டிலிலிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும், கூடம் தெரியும், தம்பி மனைவி மெலிவதும் தெரியும்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்குப் 'பூசணி' என்று பேர் வைத்தவளே அக்காதான். அந்தப் பூசணி மூன்றே மாதத்தில் கொடியாகிவிட்டது. காலையில் வெள்ளரிக்காய், மதியம் அவித்த காய், ராத்திரி ஒரு கிண்ணம் சூப். விடிவதற்கு முன்னால் மொட்டைமாடியில் நடை. பிறகு எடை மெஷினில் ஏறி, முள்ளைப் பார்த்து ஒரு பெருமூச்சு.

உடம்போடு முடியும் போய்க்கொண்டிருந்தது. சீப்பில், தலையணையில், குளியலறைச் சல்லடையில் கொத்துக்கொத்தாக. வகிடு அகன்று மண்டைத் தோல் தெரிந்தது.

"ஒருத்தி சாகக் கிடக்கிற வீட்டில இடுப்பளவு பார்க்கிறவளை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றாள் அக்கா. "நான் நோயில கரையறேன். உனக்கென்ன கேடு? யாருக்குக் காட்ட இந்த மினுக்கு?"

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த தம்பியின் கை நின்றது.

"குண்டா இருந்தா பூசணி, மெலிஞ்சா மினுக்கு. அவ எப்படித்தான் இருக்கணும், அக்கா?"

"அடேயப்பா, உனக்குக்கூட வாய் வந்துடுச்சே. அந்த வாயால பொண்டாட்டியைக் கொஞ்சம் கேட்கக் கூடாதா? கொட்டுற முடியெல்லாம் என் கிண்ணத்திலதான் விழணுமா?"

அவன் ஏதோ சொல்ல வந்தான். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்துடும் அண்ணி," என்றாள் அவள். "ரெண்டு வாயாவது குடிச்சுட்டுக் கிளம்புங்க."

அக்கா குடிக்கவில்லை. அந்த முடியை ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். டாக்டரிடமே காட்டிவிடுவது; வார்டில் ஒரு படுக்கை கேட்டுவிடுவது. இனி இந்த வீட்டுப் படி ஏறுவதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் அவளை எடை மெஷினில் நிறுத்திக் குறித்துக்கொண்டாள். அக்கா இறங்கியதும், தம்பி மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"இங்கேயுமா?" என்றாள் அக்கா. "கூச்சம்னு ஒண்ணு கிடையாதா உனக்கு?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி மனைவி தலைகுனிந்து இறங்கினாள். நர்ஸ் அந்த எடையையும் குறித்துக்கொண்டது அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

டாக்டர் அறையில் உட்கார்ந்ததும் காகிதத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுதான் டாக்டர் எனக்குக் கிடைக்கிற சாப்பாடு. இந்த அம்மா அழகுக்காகப் பட்டினி கிடக்கிறாங்க. உதிர்ற முடி என் கஞ்சியில. என்னை வார்டிலயே சேர்த்துக்குங்க. அந்த வீட்டில இருந்தா, ஈரல் கொடுக்க ஆள் வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

டாக்டர் முடியைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற தம்பி மனைவியைப் பார்த்தார்.

"இன்னும் சொல்லலையாம்மா?"

"தேறுவேனா மாட்டேனான்னு தெரியாம என்னத்தைச் சொல்றது டாக்டர்," என்றாள் அவள். "ஆசை காட்டிட்டுக் கடைசியில இல்லேன்னு ஆச்சுன்னா அண்ணி தாங்க மாட்டாங்க."

"தேறியாச்சு," என்றார் டாக்டர். "ரத்த வகை முதல்லயே சேர்ந்துடுச்சு. உங்க ஈரல்ல இருந்த கொழுப்புதான் தடையா இருந்தது. நேத்து எடுத்த ஸ்கேன்ல அதுவும் கரைஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வந்து சேர்ந்துடுங்க."



"அந்த முடி..." என்றாள் அக்கா.

"இவ்வளவு வேகமா எடையைக் குறைச்சா கொட்டத்தான் செய்யும். ஆரம்பத்திலேயே சொன்னேன். முடிதானே டாக்டர்னாங்க." அவர் பேனாவை எடுத்தார். "பயப்படாதீங்க. முடியும் திரும்ப வளர்ந்துடும். உங்களுக்காக வெட்டியெடுக்கிற ஈரலும் வளர்ந்துடும்."

காகிதத்தின்மேல் அந்த முடி மின்விசிறிக் காற்றில் அசைந்தது. அது பறந்துவிடாதபடி அக்கா அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டாள்.