மூன்றாவது தப்பு

சதுக்கத்தில் எள் விழ இடமில்லை. நானூறு வருஷத்துக் கோபுரத்தைப் பார்க்க வந்தவர்கள், முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஊரில் சுற்றுலாப் பயணிகளுக்கு இருபத்தேழு விதிகள்; சதுக்கத்தில் பெரிய பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படியில் உட்காரக் கூடாது. நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது. சக்கரம் வைத்த பெட்டியானாலும் உருட்டக் கூடாது, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இதையெல்லாம் கவனிக்க ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒழுங்குக் காவலர்கள் உண்டு. அவர்களில் மூத்தவருக்கு விசில் என்றே பெயர் வந்துவிட்டது. தூங்கும்போதும் அது அவர் கழுத்தில் தொங்கும் என்று பேச்சு.

விசிலுக்கு இப்போது நேரம் சரியில்லை. போன மாதம் இதே சதுக்கத்தில் ஒருவன் நீரூற்றில் குதித்து ஆட்டம் போட்டான். விசில் ஓடிப்போய் அவனை இழுத்து வெளியே போடுவதற்குள், அவனுடைய கூட்டாளி எதிரே இருந்த அருங்காட்சியகத்தில் ராணியின் மோதிரத்தைச் சுட்டுக்கொண்டு போய்விட்டான்.

"இன்னொரு தடவை ஏமாந்தீங்க, ரிடையர் ஆகிறவரைக்கும் பொதுக் கழிப்பறையில வரிசையைப் பாத்துக்கற வேலைதான்" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து விசிலுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றரை மணிக்கு ஒரு வழுக்கைத் தலைக்காரர் அருங்காட்சியகப் படியில் சாவகாசமாக உட்கார்ந்தார். விசில் ஊதிக்கொண்டே வந்தார்.

"எழுந்திருங்க சார். இங்கே உட்காரக் கூடாது."

"அப்படியா? ரொம்பத் தப்பு சார்" என்று சிரித்த முகத்தோடு அபராதச் சீட்டை வாங்கிக்கொண்டார் அவர். பக்கத்தில் அவருடைய மனைவி ஒரு பெரிய துணிப்பையை அணைத்துக்கொண்டு, கடிகாரம் மாட்டிய அந்த அருங்காட்சியக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அபராதச் சீட்டைச் சிரித்துக்கொண்டே வாங்கிய ஆளை இருபது வருஷ சர்வீசில் விசில் பார்த்ததில்லை. அவருக்கு மூக்கில் வியர்த்தது.

ஐந்தே நிமிஷத்தில் அதே மனிதர் புறாக்களுக்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது ரெண்டாவது தப்பு. இன்னும் ஒண்ணு பண்ணீங்க, எங்க வண்டியில ஏத்தி ஊர் எல்லையில கொண்டுபோய் விட்டுடுவோம்."

"உடனேவா சார்?" என்று பதறினாள் மனைவி.

"உடனே!"

"கேட்டுக்குங்க நல்லா!" என்று கணவரை அதட்டினாள் அவள்.

விசில் போவதுபோல் போய், ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"நாலு மணியைத் தாண்டினா எல்லாம் வீண்" என்றாள் மனைவி. "சின்னத் தப்புக்கெல்லாம் இந்த ஆள் ஆடி அசைஞ்சு வர்றார். தண்ணியில குதிச்சிடுங்க, ஓடி வருவார். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"ஊரே வேடிக்கை பாக்கும்டி. இந்த வயசுல இது தேவையா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

அவர் செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார்.

விசிலுக்குப் புரிந்துவிட்டது. போன மாதம் நடந்த அதே நாடகம்! அருங்காட்சியகத்துக்கு வாக்கி டாக்கியில் சொல்லிக் கதவுகளை அடைக்க வைத்தார். இந்தத் தடவை அவர் கண்ணில் யாரும் மண்ணைத் தூவ முடியாது.

வழுக்கைத் தலைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். சதுக்கம் முழுக்கக் கைபேசிகள் உயர்ந்தன.

விசில் நீரூற்றுப் பக்கமே திரும்பவில்லை. நேராக வந்து மனைவியின் துணிப்பையை எட்டிப் பிடித்தார்.

"ஐயோ, என்னை எதுக்கு சார் பிடிக்கிறீங்க? முதல்ல அவரைப் பிடிங்க!"

"அவரைப் பிடிக்க நான் ஓடணும், அந்த நேரத்துல நீங்க உள்ளே பூந்துடணும். அதானே? என்கிட்ட உங்க பருப்பு வேகாதும்மா."

"சார், அவர் உங்களைத்தான் கூப்பிடுறார், பாருங்க!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நீரூற்றுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, "சார்! இங்கே சார், இங்கே!" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார் கணவர்.

பையைக் கொட்டிப் பார்த்தார் விசில். ஒரு துண்டும் மாற்று உடுப்பும்தான் இருந்தன. அருங்காட்சியகத்திலிருந்து, எல்லாம் வைத்தது வைத்தபடி இருப்பதாகத் தகவல் வந்தது. விசிலுக்குப் போன உயிர் திரும்பியது. வேலை தப்பித்தது!

நடக்காத திருட்டுக்கு வழக்குப் போட முடியாது. ஆனால் மூன்றாவது தப்பை ஊரே படம் பிடித்திருக்கிறது. இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றினார். சைரன் கேட்டதும் அத்தனை கூட்டமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டது. பதினோரு நிமிஷத்தில் ஊர் எல்லை. எல்லையில்தான் ரயில் நிலையம்.

ஆசாமிகள் நழுவித் திரும்ப ஊருக்குள் வந்துவிட்டால்? விசில் துணிப்பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். புறப்படத் தயாராக நின்ற ரயிலில் இருவரையும் ஏற்றி, ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டுத்தான் கீழே இறங்கினார்.

"இனிமே இந்த ஊர்ப் பக்கம் உங்களைப் பார்க்கக் கூடாது!"

"சத்தியமா வர மாட்டோம் சார்" என்று கும்பிட்டார் கணவர்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விசில் நடைமேடையில் நின்றார். ரயில் நகர்ந்தது. மனைவி துண்டை எடுத்துக் கணவரின் தலையைத் துவட்டினாள்.

"டாக்ஸி கிடைக்கல, இந்தக் கூட்டத்துல நடந்தா ராத்திரி ஆயிடும், இருக்கற ஒரே ரயிலும் போச்சுன்னு புலம்பினீங்களே, விதிமுறைப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படிச்சா எல்லாத்துக்கும் வழி போட்டிருக்காங்க!"