தாழ்வாரத்தில் ஐந்து பேர்

காலை பதினொன்று பத்து.

"இந்த டெண்டர்ல யாருக்காவது சொந்த ஆதாயம் உண்டா?" செயலர் கோப்பிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

மருத்துவமனை நிர்வாகக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கும் கேள்விதான். ஏழு உறுப்பினர்களும் வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல ஒரே குரலில் 'இல்லை' என்பார்கள். பிறகு டீ வரும்.

இன்று ஆறு குரல்தான் கேட்டது.

"எனக்கு இருக்கு," என்றாள் தையல்காரி.

குழுவில் அவள் பொதுமக்கள் பிரதிநிதி. மற்ற ஆறு பேருக்குத் தையக்காரம்மா.

டெண்டர், நோயாளிகளின் படுக்கை விரிப்புகளுக்கானது. ஐந்து வருட ஒப்பந்தம். இப்போது தேர்வாகியிருக்கும் கம்பெனி போன தடவை கொடுத்த விரிப்புகள் இரண்டாவது சலவையிலேயே கிழிந்தன. பிரசவ வார்டில் பெண்கள் வெறும் ரெக்சினில் கிடந்தார்கள்.

மூன்று கூட்டங்களாகச் சொல்லிப் பார்த்தாள். போன மாதம் மாதிரித் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். துணிக்கு அந்தப் பக்கம் தலைவரின் மீசை தெரிந்தது.

"விரிப்ப படுக்கத்தான வாங்கறோம், அது வழியா வேடிக்க பாக்கவாம்மா?" என்றார் தலைவர். சிரிப்பு அடங்க நேரமானது.

மூன்று முறையும் ஆறுக்கு ஒன்று.

இன்று இறுதி வாக்கெடுப்பு. இன்று முடியாவிட்டால் டெண்டர் ரத்து.

செயலர் விதிப்புத்தகத்தைத் தேடினார். அது மேசைக் கால் ஆடாமலிருக்க அடியில் கிடந்தது. தையல்காரி பையிலிருந்து தன் பிரதியை எடுத்துக் கொடுத்தாள். இருபத்திரண்டாம் பக்கத்தில் குண்டூசி குத்தியிருந்தது.

செயலர் வாசித்தார்.

ஆதாயம் உள்ளவர் அதை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். அன்றைய கூட்டப் படிப்பணம் கிடையாது. ஒருவர் வெளியேறினால் மற்றவர்களின் வாய்ச்சொல் செல்லாது. ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யென்று தெரிந்தால் பதவி போகும், அதுவரை வாங்கிய படி முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். நான்கு பேருக்குக் குறைந்தால் வாக்கெடுப்பு இல்லை.

அவள் இரண்டு வரி எழுதினாள். காகிதத்தை மடித்துத் தலைவர் முன் வைத்தாள். வெளியே போய்த் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

ஆறு பேரும் துணிந்து கையெழுத்துப் போட்டுவிட்டால்? எதிர்த்து நின்ற ஒரே ஓட்டும் இப்போது வெளியே இருக்கிறது.

கை சும்மா இருக்கவில்லை. ஊசியை எடுத்துப் பையின் பிரிந்த வாரைத் தைக்க ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்.

"பொண்ணு கல்யாணத்துக்கு அந்தக் கம்பெனி கார்தான் வந்துச்சு," என்று சுவரிடம் சொன்னார்.

அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மருந்துக்கடைக்காரர் வந்தார். யாருமே கூப்பிடாத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா, ஆமா," என்றார்.

நான்காவதாக வக்கீல். பெஞ்சில் இடமில்லை. நின்றார்.

ஏழில் நாலு போனால் மூன்று.

தையல்காரி முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

கடைசியாகத் தலைவரே வந்தார். மருமகன் அந்தக் கம்பெனியில் பங்குதாரர் என்பது ஆஸ்பத்திரிப் பூனைக்கும் தெரியும். அவர் கையில் அவள் மடித்து வைத்த காகிதம். உள்ளே யாரும் அதைப் பிரிக்கவில்லை. அவரவர் காகிதமே அவரவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

இப்போது பிரித்தார்.

'கம்பெனி முதலாளியின் பேண்ட் ஒன்றுக்குக் கீழ்மடிப்பு தைத்துக் கொடுத்தேன். கூலி வாங்கினேன்.'

தேதி, நேற்றையது.

டீ வந்தது. தட்டில் ஏழு கோப்பை. அறைக்குள் போவதா வேண்டாமா என்று தெரியாமல் தட்டு கதவருகே நின்றது. தையல்காரி எழுந்து போய் முதல் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

தலைவர் காகிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

"அவரு சட்ட துணியெல்லாம் வெளியூர்லல்ல தைப்பாரு? இந்த ஒரு பேண்ட் மட்டும் உங்க கைக்கு எப்படிம்மா வந்துச்சு?"