தனிக் குடம்

"ஆத்தா, நீ அங்கனயே நில்லு. கிணத்துப் பக்கம் வந்துறாத!"

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் சுருளிராஜன், காச நோய் குணமாகி வேலைக்குத் திரும்பிய ராமுத்தாயிடம் சொன்னார். குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் அவர் நம்பிவிடுவாரா? குடிக்கிற தண்ணீரைக்கூட அவள் வீட்டிலிருந்து தனிக் குடத்தில்தான் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டார்.

அப்படியும் தோட்டத்தில் ஆளாளுக்கு வாந்தி, தலைசுற்றல். சுருளிராஜனுக்கே கண் இருட்டியது.

ஊருக்கு ஆராய்ச்சிக்காக வந்திருந்த டாக்டரம்மாவைக் கையோடு கூட்டி வந்தார்.

"எல்லாம் இவ கொண்டாந்த சீக்குத்தான் மேடம். கொண்டாந்தவ மட்டும் எப்படிக் கல்லு மாதிரி நிக்கிறா, பாத்தீகளா?"

டாக்டரம்மா எல்லோரையும் சோதித்தார். கிணற்றுத் தண்ணீரையும் எடுத்துப் போனார். மறுவாரம் வந்தார்.

"இங்க ஒருத்தருக்கும் காச நோய் இல்ல. கிணத்துலதான் பூச்சிமருந்து கலந்திருக்கு. மருந்தடிக்கிற டேங்கை எங்க கழுவுறீங்க?"

"கிணத்தடியிலதான்..."

சுருளிராஜனுக்கு நாக்கு வறண்டது. கிணற்றடியில் கிடந்த டம்ளரை எடுத்துக்கொண்டு மெல்லத் தோட்டத்துக் கோடிக்கு நடந்தார். அந்தத் தனிக் குடம் அங்கேதான் வேப்பமரத்தடியில் இருந்தது. டம்ளரை நீட்டினார்.

"ஆத்தா, ஒரு வாய் தண்ணி குடு."

ராமுத்தாய் குடத்தைத் தூக்கினாள்.

"அங்கனயே நில்லுங்க மொதலாளி. அது கிணத்துத் தண்ணில கழுவுன டம்ளரு, குடத்துப் பக்கம் கொண்டாராதீக. குனிஞ்சு கையைக் குவிங்க, ஊத்துறேன்."