சதாபிஷேகப் பந்தல்

காலை வெயில் என் தகரக் கொட்டகைமேல் விழுந்து இரும்புலியூரையே கண்கூச வைக்கிறது. வீட்டுக்கும் மதில்சுவருக்கும் நடுவே காலியாக விடவேண்டிய ஐந்தடியில் நான் அதை எழுப்பியதுதான் குற்றமாம். உள்ளே என் தச்சுமேசை, உளி, இழைப்புளி. ஓய்வுபெற்றவனின் மொத்த ராஜ்யமும் அதுதான். கட்டட ஆய்வாளர் கேசவன் அளவு நாடாவை இழுக்கிற வேகத்தில் அது பெருங்களத்தூர் வரைக்கும் நீளும் போலிருக்கிறது. "சார், இங்க ஷெட் போடக் கூடாது. விசேஷத்துக்குப் பந்தல்னா ஓகே. இதை இன்னிக்கே பிரிச்சுடுங்க," என்கிறார். நான் வாசலைக் காட்டுகிறேன். விடிகாலையில் கட்டிய இரண்டு வாழைமரங்கள், மாவிலைத் தோரணம். தகரத்தில் மஞ்சளும் குங்குமமும் இன்னும் காயவில்லை. "பந்தல்தான் சார் இது. பந்தக்கால்கூட நட்டாச்சு. எனக்கு சதாபிஷேகம்." நாடா சர்ரென்று பெட்டிக்குள் ஓடுகிறது. "அடடா, எண்பது ஆகுதா! பார்த்தா தெரியலையே. என்னிக்கு சார் விசேஷம்?" என் மனைவி பட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரிடம் காபி டம்ளரை நீட்டுகிறாள். "இன்னும் பதினோரு வருஷம் இருக்கு. குடும்பத்தோட வந்துடணும்," என்று சொல்லிவிட்டு நான் இழைப்புளியைப் பலகையில் ஓட்டுகிறேன். மரச்சீவல் சுருள் சுருளாக அவருடைய ஷூமேல் விழுகிறது.