இன்னும் ஒரு கரண்டி நெய்

"நீ இந்தத் தட்டைக் காலி பண்ணாம நான் இந்த மாத்திரையை வாயில போட மாட்டேன். அல்லா மேல ஆணை!"

நஃபீஸா மாத்திரையை டக்கென்று மேசையில் வைத்தாள். மகன் முன்னால் மஹ்ஷி குவிந்து கிடந்தது. திராட்சை இலைக்குள் சோறும் கறியும் வைத்துச் சுருட்டி, நெய்யில் குளிப்பாட்டியிருந்தாள்.

ஹாஸிம் தட்டைத் தள்ளி வைத்தான். நாளை மறுநாள் அவனுக்கு ஸ்கேன்.

"அம்மா, இப்பத்தானே சாப்பிட்டேன்..."

"என்னத்தைச் சாப்பிட்டே? வெள்ளரிக்காயா? கழுதைக்குப் போடுறதை நீ தின்னுட்டு நிக்கிறே! எதிர் வீட்டு தாரிக்கோட அம்மா கேக்குறா, உன் மகனுக்கு என்ன சீக்குன்னு. சீக்கு வந்தது எனக்கு, உருகிப் போறது நீயாடா?"

மாத்திரையை விட்டால் அவளுக்குக் காலெல்லாம் நீர் கோத்துக்கொள்ளும். வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சுருளாக வாயில் போட்டான். அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது மிச்சமிருந்த நாலைந்தைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பைக்குள் தள்ளினான். தட்டு காலியானதைப் பார்த்த பிறகுதான் மாத்திரை உள்ளே போனது.

அவள் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. சொந்தத்தில் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு துண்டைக் கொடுத்தால் பிழைப்பாள். அக்கா ரஷாவின் ரத்தம் சேரவில்லை, ஹாஸிமுடையது சேர்ந்தது. ஆனால் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

"தம்பி, உன் கல்லீரல்ல கொழுப்பு ஏறிக் கிடக்கு. இதோட உன் மேல நாங்க கத்தி வைக்க மாட்டோம். இளைச்சுட்டு வா. ஆனா சீக்கிரம் வா, உங்கம்மா உடம்பு ரொம்ப நாள் காத்திருக்காது."

திரைக்கு அந்தப் பக்கம் அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "கொடுக்க ஆள் தேடுறாங்கம்மா" என்று மட்டும் சொல்லிவைத்தான்.

அன்றிலிருந்து ஹாஸிம் இளைக்கப் படாத பாடு பட்டான். வேலையோ தாந்தா நகரத்து இனிப்புக் கடையில். பாகில் தோய்ந்த விரலைத் தன்னையறியாமல் நக்குவதும் சாப்பாட்டுக் கணக்குதான் என்று முதல் வாரத்திலேயே புரிந்தது. பசி என்று நினைத்ததில் பாதி வெறும் தாகம் என்பது அப்புறம் புரிந்தது. இளைக்கிறேன் என்று வாய் தவறிச் சொன்னால் ஊரே டாக்டராகிவிடும் என்பதும் தெரிந்தது. முதலாளி எலுமிச்சை என்றார், வாடிக்கையாளர் சீரகம் என்றார். எல்லாவற்றையும் சமாளித்தான். அம்மாவைத்தான் சமாளிக்க முடியவில்லை.

மாடிப்படியில் சட்டைப் பையைக் காலி செய்துகொண்டிருந்தபோது ரஷா பிடித்துவிட்டாள். பூனைகள் ஓடி வந்தன.

"அடப்பாவி! அதான் இந்தப் பூனையெல்லாம் இப்படிக் கொழுத்துத் திரியுதா? பேசாம அம்மாகிட்ட உண்மையைச் சொல்லித் தொலையேன்டா."

"சொன்னா விடுவாளா? எனக்கு ஊசி போட்டாலே அவ அழுவா. நான் வயித்தைக் கிழிச்சுக்கப் போறேன்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டா."

"எனக்கு ஒண்ணும் புரியலடா. அம்மாவால நிக்கவே முடியல, நேத்து அடுப்பு மேடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நான் கிளறுறேன்னா கரண்டியைத் தர மாட்டேங்கிறாங்க. பருப்பு சூப்புல கூட நெய் மிதக்குது."

"பெத்த மனசு அக்கா. நான் இளைச்சா தாங்கல."

அப்படிச் சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கும் பயம்தான். பைக்குள் போனது போக வயிற்றுக்குள் போனதும் கொஞ்சநஞ்சமல்ல. அம்மாவின் கண்ணில் மஞ்சள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. இந்த முறையும் கொழுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டால்?

வியாழக்கிழமை ஸ்கேன் அறையில் ஹாஸிம் படுத்திருந்தான். டாக்டர் கருவியை வயிற்றில் இப்படியும் அப்படியும் தேய்த்தார். திரையைப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். ஹாஸிம் தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தான்.

"டாக்டர்... இன்னும் இருக்கா?"

"எழுந்திரு தம்பி. என்ன மாயம் பண்ணினே? ஈரல் நல்லா சுத்தமாயிருக்கு. அம்மாவைக் கூட்டிட்டு வா, அடுத்த வாரமே வெச்சுக்கலாம்."

ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அழுதான். இனி மறைக்க முடியாது. அம்மா அழுது புரளுவாள், காலில் விழுந்தாவது சம்மதிக்க வைக்க வேண்டும் என்று வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தான்.

நஃபீஸா வழக்கம்போல் அடுப்படியில், கையில் நெய்க் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"அம்மா, கல்லீரல் கொடுக்க ஆள் கிடைச்சாச்சு."

யாரென்று அவள் கேட்கவில்லை. கரண்டி மட்டும் நழுவித் தரையில் விழுந்தது. மகனின் ஒட்டிய வயிற்றையே பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஸ்கேன்ல கொழுப்பே இல்லைன்னுட்டாங்களாடா?" என்றாள். "கொழுப்பு இருந்தா உன் மேல கத்தி வைக்க மாட்டோம்னு அன்னைக்கு அந்த டாக்டர் சொன்னப்போ, திரைக்கு இந்தப் பக்கம் நான் தூங்கலடா... அந்த ஒரு வார்த்தையை நம்பித்தானே இத்தனை நாளா உனக்கு நெய்யை அள்ளி அள்ளிப் போட்டேன்!"