முதல் திங்கட்கிழமை

போனை எடுத்ததுமே கயல்விழிக்குத் தெரிந்துவிட்டது, அய்யனார் ஏதாவது பொய் சொல்லத்தான் போகிறான் என்று.

காலையில் அவள் போட்ட போனுக்கு இப்போதுதான் திருப்பிக் கூப்பிடுகிறான். சிதம்பரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த பழைய நன்னடத்தை அலுவலகத்தின் படிக்கட்டில் அவள் பாதி ஏறியிருந்தாள். பூட்டி மூன்று மாதம் ஆகிறது. இன்றைக்குக் கட்டட உரிமையாளரிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

நிதிச் சீரமைப்பு என்றார்கள். அலுவலகத்தைக் கடலூரோடு சேர்த்தார்கள். நான்கு அலுவலர்களில் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். மிச்சம் பிடித்த தொகையில் சிறைக்குக் கேமரா வாங்கினார்கள். ஆட்கள் சிறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத்தான் காசில்லை.

இடமாற்றத்தைச் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் தெரிவித்தாயிற்று என்றது சுற்றறிக்கை. அவளும் நம்பினாள்.

அய்யனார் கடலூருக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

பண்ருட்டி பலா மண்டியில் ஒருவன் மண்டையை உடைத்தவன் அவன். முதல் குற்றம் என்பதால் கோர்ட் சிறைக்கு அனுப்பவில்லை. மூன்று வருடம் ஒழுங்காக இருக்க வேண்டும், மாதாமாதம் முதல் திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று வெளியே விட்டது. முடிய நாற்பது நாள்தான் பாக்கி. இப்போது பதிவேட்டில் மூன்று கையெழுத்து இல்லை. நாளைக் காலை அவள் அறிக்கை கொடுத்தால் அவன் உள்ளே போவான்.

இவனுக்காக எவ்வளவு பேசியிருக்கிறாள் கோர்ட்டில்! அந்த எரிச்சல் வேறு.

“மொத திங்கக்கெழம தவறாம வந்து போட்டுட்டுத்தான் மேடம் போறேன். லோடு ஏத்துறதக்கூட வுட்டுட்டு வரேன்.”

“பூட்டுன ஆபீஸ்ல எதுலய்யா போட்ட? பூட்டு மேலயா?”

அவன் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டு மீதிப் படிகளை ஏறினாள்.

தாழ்ப்பாளில் சணல் கட்டி ஒரு பேனா தொங்கியது.

வெள்ளைக் கதவில் யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார்கள். வரிசை எண், பெயர், தேதி, கையெழுத்து. அவளுடைய பதிவேட்டில் இருக்கும் அதே நான்கு கட்டம்.

முதல் வரியில் அய்யனார். மூன்று தேதி. மூன்றும் திங்கட்கிழமை. இனிஷியல் இல்லாமல் போடாதே என்று ஒருமுறை திட்டியிருந்தாள். இனிஷியலை அவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தான்.

இடம் மாறியதைச் சொல்லும் ஒரு துண்டுத் தாள்கூடக் கதவிலும் இல்லை, சுவரிலும் இல்லை. சுற்றறிக்கை எழுதியவனை வாய்விட்டே திட்டினாள். ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

செல்லில் படம் எடுக்கக் குனிந்தபோதுதான் கீழே இருந்த வரிகள் கண்ணில் பட்டன.

சேரன். ஜெயப்பிரகாஷ். தங்கம்மாள். இன்னும் மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று தேதி. எழுதத் தெரியாத தங்கம்மாள் கண்மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்திருந்தாள்.

அந்த ஆறு பேரும் தலைமறைவு என்று போன வாரமே அவள் அறிக்கை அனுப்பிவிட்டாள். தங்கம்மாளை முந்தாநாள் உள்ளே வைத்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவருக்கும் அவள் போன்கூடப் போடவில்லை.